லேசான ஒலித்தடுப்புப் பேனல்கள்: எடை போதும், இடுக்குதான் எதிரி

நெடுஞ்சாலைக்கும் வீடுகளுக்கும் நடுவே தடுப்பு என்றாலே கனத்த கான்கிரீட் சுவர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். "கையால் தூக்கிவிடக்கூடிய பலகை லாரிச் சத்தத்தை எப்படித் தடுக்கும்?" என்று குடியிருப்போர் கேட்பது நியாயம்தான். அலுமினியப் பேனல் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ. 120 மி.மீ. கான்கிரீட் பலகை சதுர மீட்டருக்கு 288 கிலோ. இருபது மடங்கு வித்தியாசம். ஆனால் இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில், ஒழுங்காகப் பொருத்திவிட்டு வீட்டு வாசலில் அளந்தால், வித்தியாசம் பெரும்பாலும் ஒரு டெசிபலைத் தாண்டாது. ஒழுங்காகப் பொருத்தவில்லை என்றால் கதையே வேறு. லேசான தடுப்பு தோற்றுப்போன இடங்களில் போய்ப் பார்த்தால் எடை காரணமாக இருப்பது அபூர்வம். பேனலுக்கும் கம்பத்துக்கும் நடுவே, பேனலுக்கும் தரைக்கும் நடுவே விட்ட இடுக்குதான் காரணமாக இருக்கும்.

இப்போது வாங்கக் கிடைக்கும் லேசான வகைகளை இங்கே மதிப்பிடுகிறோம். பாதி இடத்தை அலுமினியப் பேனலுக்கே கொடுத்திருக்கிறோம். நிரந்தரத் தடுப்புக்கு எங்கள் முதல் பரிந்துரை அதுதான்.

எவ்வளவு எடை இருந்தால் போதும்?

தடுப்பைக் கடந்து ஒலி வர இரண்டு வழி உண்டு. மேல் விளிம்பில் வளைந்து இறங்குவது ஒன்று, பலகையின் ஊடே வருவது இன்னொன்று. மேல்வழியாக வரும் ஒலி 12 டெசிபல் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகை ஊடே வருவதை 15 டெசிபல் மட்டும் தடுத்தால், இரண்டும் சேர்ந்து வீட்டுக்குக் கிடைப்பது 10.2 டெசிபல் குறைப்பு. 20 தடுத்தால் 11.4. 27 தடுத்தால் 11.9. கான்கிரீட் போல 40 தடுத்தாலும் 12-ஐத் தாண்டாது, ஏனென்றால் மேலே வளைந்து வரும் ஒலியைப் பலகையால் எதுவும் செய்ய முடியாது. இதிலிருந்து வரும் கைக்கணக்கு: மேல்வழியில் எவ்வளவு குறைப்பு கிடைக்குமோ, அதைவிடக் குறைந்தது 10 டெசிபல் கூடுதலாகப் பலகை தடுக்க வேண்டும். அதற்கு மேல் எடைக்குக் கொடுக்கும் காசு உயரத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் போகட்டும்.

ஒற்றைத் தகட்டின் எடை இரட்டிப்பானால் தடுப்புத்திறன் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். சதுர மீட்டருக்கு 10 கிலோ உள்ள பலகை 500 ஹெர்ட்ஸில் கோட்பாட்டுக் கணக்குப்படி 27 டெசிபல் தடுக்கும். 5 கிலோ பலகை 21. கூரைக்குப் போடும் 10 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட் சுமார் 1.7 கிலோதான், அது 12 டெசிபலைக்கூட எட்டாது. ஆகவே சதுர மீட்டருக்கு 10 கிலோ என்பதை நிரந்தரத் தடுப்பின் கீழ்வரம்பாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதே 10 கிலோ பலகை 125 ஹெர்ட்ஸில் சுமார் 15 டெசிபல்தான் தடுக்கும். ஓடும் வேகத்தில் கார்களின் சத்தம் பெரும்பாலும் டயரிலிருந்து, 1000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிறது. அதற்கு லேசான பேனல் தாராளம். லாரிகள் ஏற்றத்தில் கியர் மாற்றி முக்கி ஏறும் இடத்திலும், சிக்னலில் நின்று கிளம்பும் இடத்திலும் எஞ்சினின் தாழ்ந்த உறுமல்தான் தொல்லை. அங்கே பின்தகட்டைக் கூடுதல் தடிமனில் கேளுங்கள், அல்லது சதுர மீட்டருக்கு 20 கிலோவைத் தாண்டும் வகைக்குப் போங்கள்.

உயரமும் நீளமும் தப்பினால் பேனல் காப்பாற்றாது

எந்த நிறுவனத்தின் பேனல் என்பதைவிட எவ்வளவு உயரம் என்பது முக்கியம். ஜப்பானிய ஒலியியலாளர் மேக்காவா 1968-இல் வெளியிட்ட வரைகோட்டைத்தான் இன்றும் விரைவுக் கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள். சத்தம் தடுப்பின் மேல் ஏறி இறங்கி வரும் பாதை நேர்ப்பாதையைவிட எவ்வளவு நீளம் என்பதுதான் அதன் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டு. சாலையில் சத்தம் எழும் புள்ளி தரையிலிருந்து அரை மீட்டர். அங்கிருந்து 8 மீட்டரில் 3 மீட்டர் உயரத் தடுப்பு. அதற்குப் பின்னால் 20 மீட்டரில் வீடு. 500 ஹெர்ட்ஸில், தரைத்தளத்தில் நிற்பவர் காதுக்கு சுமார் 14 டெசிபல் குறையும். முதல் மாடியில் 11. இரண்டாம் மாடியில் 6. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் சாலை நேராகத் தெரியும். அங்கே பயன் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். தடுப்பை 4 மீட்டராக்கினால் தரைத்தளத்துக்கு 17. இவை ஒற்றைப் புள்ளிக்கான கணக்கு. பல லேன்களில் வண்டிகள் வரிசையாக ஓடும் உண்மைச் சாலையில் கிடைப்பது இதைவிடச் சில டெசிபல் குறைவாகவே இருக்கும். கண்ணுக்குச் சாலை மறைந்ததும் சுமார் 5 டெசிபல், அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் ஒன்றரை டெசிபல் என்பது களத்துக்கு நெருக்கமான கணிப்பு. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். அது எட்டக்கூடிய இலக்கு. 15 மிகக் கடினம். 20 தருவதாகச் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

மாடி வீட்டுக்காரர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தடுப்பு வந்த பிறகும் மூன்றாம் மாடியில் சத்தம் அப்படியே இருந்தால் அது பேனலின் குறை அல்ல. அந்த வீடுகளுக்கு ஜன்னலை மாற்றுவதுதான் வழி.

நீளத்தில்தான் அதிகமாகக் கஞ்சத்தனம் செய்கிறார்கள். வீட்டிலிருந்து தடுப்பு வரை உள்ள தூரம் எவ்வளவோ, அதைப்போல நான்கு மடங்கு நீளம் வீட்டின் இரு பக்கமும் போக வேண்டும். 20 மீட்டரில் வீடு என்றால், கடைசி வீட்டைத் தாண்டி இன்னும் 80 மீட்டர். இடம் இல்லாவிட்டால் முனையைக் குடியிருப்பின் பக்கமாக மடக்கித் திருப்பலாம்; சாலையோரமாகப் போகவேண்டிய நீளத்தில் கணிசமான பகுதியை அது ஈடுகட்டும்.

அலுமினியப் பேனல்

4 மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம், 110 முதல் 125 மி.மீ. தடிமன் என்பது பரவலான அளவு. சாலையைப் பார்க்கும் பக்கம் துளையிட்ட தகடு, பின்னால் துளையில்லாத தகடு, நடுவே ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு). ஒரு பேனல் 26 கிலோ அளவில் வரும். இரண்டு பேர் தூக்கிக் கம்பங்களின் பள்ளத்தில் மேலிருந்து இறக்கிவிடலாம். அதே அளவு கான்கிரீட் பலகை 576 கிலோ. அதற்குக் கிரேன் வேண்டும், கிரேன் நிற்க ஒரு லேனை மூட வேண்டும். பாலத்தின் மேலே என்றால் கேள்வியே இல்லை: பழைய பாலங்களின் ஓரம் இந்தக் கூடுதல் எடையைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்காது. லேசான பேனலுக்கு நிகரில்லாத இடம் பாலம்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதிரிப் பேனலை வரவழைத்து, முனைமூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின்தகடு 1.2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 0.8 மி.மீ. போட்டு எடையையும் விலையையும் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். முன்தகட்டில் துளைப்பரப்பு 30 முதல் 40 சதவீதம் இருக்கட்டும். 20-க்குக் கீழே போனால் உயர் அதிர்வெண் ஒலி உள்ளே போகாமல் தகட்டிலேயே பட்டுத் திரும்பிவிடும். ராக்வூல் தண்ணீர் ஒட்டாத வகையாக, கன மீட்டருக்கு 70 முதல் 100 கிலோ அடர்த்தியில், குறைந்தது 50 மி.மீ. தடிமனில் இருக்க வேண்டும். அடர்த்தி குறைந்த ராக்வூல் சில ஆண்டு அதிர்விலேயே கீழே சரிந்து தங்கிவிடும். பேனலின் மேல்பாதி வெறும் கூடாகிவிடும். ராக்வூலுக்கும் துளைத்தகட்டுக்கும் நடுவே கறுப்புக் கண்ணாடியிழைத் துணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடந்துபோகும் லாரிகளின் காற்று இழுத்து இழுத்து இழைகளை வெளியே கொண்டுவராமல் தடுப்பது அந்தத் துணிதான்.

பேனலின் அடியில் வடிகால் துளைகள் அவசியம். நனைந்து ஊறிய ராக்வூல் ஒலியை உறிஞ்சாது. பேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று அமரும் விளிம்பில் புடைப்பு மேல்நோக்கியும் பள்ளம் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும்; தலைகீழாகப் பொருத்தினால் பள்ளத்தில் மழைநீர் தேங்கி உள்ளே இறங்கும். இதைவிடப் பெரிய தவறு, துளைத்தகட்டை வீட்டுப் பக்கம் திருப்பிப் பொருத்துவது. பார்க்க அழகாக இருக்கிறது என்று குடியிருப்பே கேட்டு இப்படி நடப்பதும் உண்டு. உறிஞ்சும் முகம் சாலையைப் பார்க்கத்தான் செய்யப்பட்டது. உயரமான லாரியின் பக்கச்சுவருக்கும் தடுப்புக்கும் நடுவே சத்தம் பந்து போலத் தட்டித் தட்டி மேலேறித் தப்பிக்காமல் விழுங்கிக்கொள்வது அதன் வேலை.

சாலையின் இரு பக்கமும் தடுப்பு வைப்பதாக இருந்தால் உறிஞ்சும் பேனலைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். இரு தடுப்புகளுக்கு இடையிலான அகலம் தடுப்பின் உயரத்தைப்போல 20 மடங்கு இருந்தால் எதிரொலித் தொல்லை இல்லை. 10 மடங்குக்குக் கீழே, அதாவது 4 மீட்டர்த் தடுப்புகள் 40 மீட்டருக்குள் எதிரெதிரே நின்றால், 3 டெசிபலோ அதற்கு மேலோ பயன் குறைந்துவிடும். அது இரண்டு மீட்டர் உயரத்தை இழப்பதற்குச் சமம்.

துருவும் அரிப்பும் தனிக்கதை. அலுமினியம் ஈரக் கான்கிரீட்டில் நேராக உட்கார்ந்தால் கான்கிரீட்டின் காரம் அதை அரிக்கும். எஃகுக் கம்பத்தில் நேராக உரசினால் உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். இரண்டு இடத்திலும் வெயிலும் மழையும் தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பர் பட்டை இருந்தாக வேண்டும். ரிவெட்டுகள் அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகு. பவுடர் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான். கடலோரம் என்றால் மக்னீசியம் கலந்த 5000 வரிசை அலுமினிய அலாய் என்று எழுதி வாங்குங்கள்.

இடுக்கு

இந்த மதிப்பீட்டில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

திறந்த பரப்பு ஒரு சதவீதம் இருந்தால், மீதி 99 சதவீதத்தில் எவ்வளவு தரமான பலகை இருந்தாலும், மொத்தத் தடுப்புத்திறன் 20 டெசிபலைத் தாண்டாது. 3 மீட்டர்த் தடுப்பின் அடியில் 30 மி.மீ. இடைவெளி விட்டால் அதுவே ஒரு சதவீதம். 28 டெசிபல் பேனலுக்குக் காசு கொடுத்துவிட்டு 20-க்கும் கீழே வாங்குகிறீர்கள் என்று பொருள். இடுக்குக்கு நேர் எதிரே வீடு இருந்தால் பாதிப்பு இன்னும் கூடுதல்.

கம்பத்தருகே கிட்டே போய்ப் பாருங்கள். பரவலாகப் போடும் எச்.ஈ.ஏ. 160 என்ற எச் வடிவ எஃகுக் கம்பத்தில் இரண்டு இறக்கைகளுக்கு (பக்கத்தட்டுகளுக்கு) நடுவே உள்ள இடம் 134 மி.மீ. அதில் 120 மி.மீ. பேனல் இறங்கினால் மிச்சம் 14 மி.மீ. ரப்பர் கேஸ்கெட் (சந்தை அடைக்கும் பட்டை) அந்த 14 மி.மீ.யை இறுக்கி நிரப்ப வேண்டும்; பேனலைச் சாலைப் பக்க இறக்கையின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கேஸ்கெட் இல்லாமல், அல்லது மெலிந்த கேஸ்கெட்டுடன் விட்டால், பேனலின் முழு உயரத்துக்கும் விரல் நுழையும் சந்து கிடைக்கும். காற்றடிக்கும்போது பேனல் முன்னும் பின்னும் ஆடி இறக்கையில் மோதி 'கடகட' என்று சத்தம் போடும். லாரிச் சத்தத்துக்கு வைத்த தடுப்பே இரவில் புதுச் சத்தம் போடுகிறது என்ற புகார்களுக்கு மூலம் இந்த 14 மி.மீ.தான். கேஸ்கெட்டைத் துண்டுதுண்டாக ஒட்டக் கூடாது. பேனலின் இரு முனைகளிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே நீளமாக வர வேண்டும். பேனலை இறக்கும்போது கேஸ்கெட் சுருண்டு மேலே ஏறிவிடும். சோப்புத் தண்ணீர் தடவி இறக்கினால் சரியாக அமரும்.

4 மீட்டர்க் கம்ப இடைவெளிக்குப் பேனல் நீளம் 3960 மி.மீ. அளவில் இருக்கும். இரு பக்கமும் 17 மி.மீ. விளிம்பிடம் எஞ்சும். 50 டிகிரி வெப்ப மாற்றத்தில் 4 மீட்டர் அலுமினியம் நீள்வது 4.6 மி.மீ.தான், ஆகவே இது போதும். ஆனால் கம்பம் நட்டதில் பிசகு அதிகமானால் சிக்கல் தொடங்கும்: ஒரு பக்கம் பேனல் இறங்காது, மறுபக்கம் கேஸ்கெட் பிடிமானத்தை விட்டு நழுவும். கம்பங்களை நட்டதும், பேனல் வரவழைப்பதற்கு முன்பே, ஒவ்வோர் இடைவெளியையும் அடியிலும் உச்சியிலும் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அடிப்பகுதிக்கு 300 முதல் 500 மி.மீ. உயரக் கான்கிரீட் அடிப்பலகை வைத்து, அதில் 100 முதல் 150 மி.மீ.யை மண்ணுக்குள் புதைப்பதுதான் சரியான முறை. அலுமினியப் பேனலை மண்ணில் நேராக இறக்குவது இரட்டைத் தவறு: அரிக்கும், மழையில் மண் கரைந்து அடியில் சந்தும் விழும். சரிவான நிலத்தில் அடிப்பலகையைப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் விழும் முக்கோணச் சந்தை ஜல்லி போட்டு அல்ல, சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். ஜல்லிக் குவியல் ஊடே ஒலி தாராளமாக வரும். மழைநீர் வெளியேற வழி தேவைப்படும் இடங்களில் தடுப்பை உயர்த்தி விடாதீர்கள். சாலையோர வாய்க்காலில் நீரைத் திருப்பி, குழாய் வழியாக அடியில் கடத்துங்கள்.

பராமரிப்புக்கு ஆள் போய்வரும் வழி வேண்டும் என்றால், கதவு வைப்பதைவிட இரண்டு தடுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மேற்பொருந்த வைப்பது மேல். நடுவழியின் அகலத்தைப்போல நான்கு மடங்கு நீளம் மேற்பொருந்த வேண்டும்: 1.2 மீட்டர் வழிக்கு 4.8 மீட்டர். உட்புறச் சுவர் உறிஞ்சும் வகையாக இருக்கட்டும். வெப்பத்தில் பாலம் நீள இடம் விடும் விரிவு இணைப்பு வரும் இடத்தில் இரண்டு பேனல்களும் ஒன்றை ஒன்று தழுவி நகரும்படி உறைத்தகடு தேவை. அதை மறந்து 80 மி.மீ. சந்தை அப்படியே விட்டுவிடுவது வழக்கமாகக் காணப்படும் குறை.

பொருத்தி முடித்ததும் சோதிக்க எளிய வழி: இருட்டியபின் ஒருவர் சாலைப் பக்கம் பலமான டார்ச்சோடு நடக்க, இன்னொருவர் வீட்டுப் பக்கம் கூடவே நடந்து வர வேண்டும். வெளிச்சம் தெரிந்த ஒவ்வோர் இடத்தையும் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். வெளிச்சம் வரும் வழியெல்லாம் சத்தம் வரும்.

காற்று பார்ப்பது பரப்பை

"லேசான பேனல்தானே, கம்பமும் லேசாக இருக்கட்டும்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வினாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ. காற்றில், சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ அழுத்தம். 3 மீட்டர் உயரம், 4 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு கம்பத்தின் பங்கு 12 சதுர மீட்டர். வடிவக் காரணி (தடுப்பின் வடிவம் காற்றுவிசையைப் பெருக்கும் அளவு) 1.2 என்று கொண்டால் 1.4 டன் தள்ளுவிசை, கம்பத்தின் அடியில் 21 கிலோநியூட்டன் மீட்டர் வளைவு. பேனல் 13 கிலோவானாலும் 288 கிலோவானாலும் இந்த எண் மாறாது. தடுப்பின் இரு முனைகளிலும் காற்று சுழன்று அடிப்பதால் அங்கே விசை இரண்டு, மூன்று மடங்குகூட ஆகும். ஆகவே முனையில் உள்ள கம்பங்களை நெருக்கமாக நடவோ தடித்த கம்பம் போடவோ வேண்டும். எல்லாக் கம்பமும் ஒரே அளவில் வரைந்த வரைபடத்தைக் கண்டால் காற்றுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

லேசான பேனலுக்கே உரிய இன்னொரு பலவீனம் உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப அசைந்து தகடு தளர்வது. கனரக வண்டி ஒவ்வொன்றும் ஒரு முறை தள்ளி ஒரு முறை இழுக்கும். கனத்த சுவர் அசையாது. மெல்லிய தகடு அசையும். ரிவெட் துளைகள் அகன்று முனைமூடி கழல்வது இதனால்தான். ரிவெட்டுகளுக்கு இடையே 150 மி.மீ.க்கு மேல் விட்டிருந்தால் ஏற்காதீர்கள். பாலத்தின் மேல் பொருத்தும் ஒவ்வொரு பேனலும் துருப்பிடிக்காத எஃகு வடத்தால் கம்பத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். வண்டி மோதிப் பேனல் பிய்ந்தால் கீழே போகிறவர் தலையில் விழக் கூடாது.

மற்ற வகைகள்

அக்ரிலிக்: 15 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 18 கிலோ, 20 மி.மீ. 24 கிலோ. தடுப்புத்திறன் நன்றாக இருக்கும், வெளிச்சத்தையும் மறைக்காது. ஆனால் உறிஞ்சாது, வந்த ஒலியை எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்பும். எதிரே வீடு இல்லாத இடத்துக்கும், மேல் ஒரு மீட்டரை மட்டும் கண்ணாடி போல விட விரும்பும் இடத்துக்கும் ஏற்றது. வெப்பத்தில் அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு நீளும்: 3 மீட்டர்த் தகடு 40 டிகிரி மாற்றத்துக்கு 8 மி.மீ.க்கு மேல். சட்டத்தில் இறுக்கிப் போல்ட் போட்டால் மூலையிலிருந்து விரிசல் விடும். ரப்பரில் மிதக்க விட வேண்டும். வெறும் தெளிவான தகட்டில் பறவைகள் மோதிச் சாகும். கோடு பதித்த அல்லது இழை உள்ளே வைத்து வார்த்த வகையை வாங்குங்கள். உள்ளிழை இன்னொரு வகையிலும் உதவும்: உடைந்தால் துண்டுகள் சிதறாமல் தொங்கும். பருந்துப் படம் ஒன்றிரண்டு ஒட்டுவது போதாது.

பாலிகார்பனேட்: 8 மி.மீ. கெட்டித் தகடு 9.6 கிலோ, வரம்பை ஒட்டித்தான் வருகிறது. அடித்தால் உடையாது என்பது பலம். புற ஊதாக் காப்புப் பூச்சு இல்லாவிட்டால் மஞ்சளாகும், கீறலும் விழும். கற்கள் தெறிக்கும் வளைவுகளுக்கு மட்டும் இதைச் சொல்வோம்.

பி.வி.சி. கூட்டுப் பேனல்: உள்ளே ராக்வூல் வைத்த வகை எடையில் போதுமானது, துரு இல்லை, உப்புக்கு அஞ்சாது. சதுர மீட்டருக்கு 10 கிலோ வருகிறதா என்று நிறுத்துப் பாருங்கள். வெறும் கூடாக விற்பதும் உண்டு. அடர்நிறத்தில் வாங்க வேண்டாம். வெயிலில் வளைந்து, பள்ளத்திலிருந்து நழுவும். புல் காய்ந்து தீப்பிடிக்கும் ஓரங்களில் அடிவரிசையைக் கான்கிரீட்டாக்கியே ஆக வேண்டும்.

மரப்பலகை: 20 மி.மீ. மென்மரம் 10 கிலோ அளவில் வரும். பொருத்திய நாளில் நன்றாக வேலை செய்யும். காய்ந்து சுருங்கியதும் பலகைக்குப் பலகை மூன்று நான்கு மி.மீ. விரிசல் விடும், 100 மி.மீ. அகலப் பலகையில் அது மூன்று நான்கு சதவீதத் திறப்பு, தடுப்புத்திறன் 15 டெசிபலுக்குச் சரியும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடித்து, பின்னால் மூடுசட்டம் வைத்தால் மட்டுமே பரிந்துரைப்போம்.

கனமூட்டிய வினைல் திரை: சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ. கம்பிவேலியில் தொங்கவிடலாம், மடித்து எடுத்துப்போகலாம். சாலை விரிவாக்கப் பணி நடக்கும் மாதங்களுக்குப் பொருத்தமானது. நிரந்தரத்துக்கு அல்ல: கண்ணிவளையங்கள் காற்றில் கிழியும், வெயிலில் வினைல் விறைக்கும். திரைகள் பக்கவாட்டில் குறைந்தது 150 மி.மீ. மேற்பொருந்தி ஒட்டுப்பட்டையால் மூடப்பட வேண்டும், அடிவிளிம்பு தரையில் 200 மி.மீ. மடிந்து படுக்க வேண்டும். 2 மீட்டர்த் திரையுள்ள தற்காலிக வேலிக்கு, மணிக்கு 72 கி.மீ. காற்றில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 60 கிலோ தள்ளுவிசை. கவிழாமல் இருக்க, ஒரு மீட்டர் பின்னால் வைக்கும் பாரம் மீட்டருக்கு 90 கிலோவாவது இருக்கட்டும்.

செடிகொடி வேலி: அழகுக்கு வையுங்கள். அடர்ந்த மரக்கூட்டமே 30 மீட்டர் ஆழத்துக்கு 5 டெசிபல்தான் தரும்.

சோதனைச் சான்றைப் படிப்பது

எஸ்.டி.சி. எண்ணை (ஒலித்தடுப்பைக் காட்டும் அமெரிக்க முறை ஒற்றை எண்) மட்டும் அச்சிட்ட டேட்டாஷீட்டை நம்பிவிட வேண்டாம். அது வீட்டுக்குள் பேச்சுச் சத்தத்தை மனத்தில் வைத்து உருவான அளவு. ஐரோப்பியச் சான்றில் ஒலித்தடுப்புத்திறன் 'ஆர்.டபிள்யூ 32 (-2, -6)' என்று இருந்தால், சாலைச் சத்தத்துக்குக் கொள்ள வேண்டியது 32 அல்ல, இரண்டாவது திருத்தத்தைக் கழித்த 26. சாலைத் தடுப்புக்கென்றே உள்ள ஈ.என். 1793-2 என்ற ஐரோப்பியத் தரநிலைச் சோதனை முடிவு இருந்தால் அதுவே மேல். அதில் 15 முதல் 24 டெசிபல் வரை பி2 வகுப்பு, 25 முதல் 34 வரை பி3. லேசான பேனலுக்கு பி3 கேட்டு வாங்குங்கள். உறிஞ்சுதலுக்கு ஈ.என். 1793-1, அதில் 8 முதல் 11 வரை ஏ3, இரு பக்கத் தடுப்புக்கு அதற்குக் குறையக் கூடாது. சான்றில் சோதித்த மாதிரியின் படத்தைப் பாருங்கள்: கம்பமும் கேஸ்கெட்டும் சேர்த்துச் சோதித்தார்களா, அவை உங்களுக்கு வரப்போகும் அதே கம்பமும் கேஸ்கெட்டும்தானா? ஆய்வக எண்ணும் களமும் பிரிவது இந்த இடத்தில்தான். ஈ.என். 1793-6 நின்ற தடுப்பிலேயே அளக்கும் முறை. பேனலின் நடுவிலும் கம்பத்தருகிலும் தனித்தனியே அளப்பார்கள். கம்பத்தருகே எண் பல டெசிபல் சரிந்தால் கேஸ்கெட் அமரவில்லை.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

"10 டெசிபல் குறையும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த வீட்டில், எந்த உயரத்தில், பகலிலா இரவிலா என்பதைச் சேர்த்து, ஐ.எஸ்.ஓ. 10847 என்ற சர்வதேசத் தரநிலை முறைப்படி முன்னும் பின்னும் அளப்பது என்று எழுதுங்கள். ஒரு மைக் வீட்டில், ஒரு மைக் தடுப்பு வரப்போகும் உச்சிக்கு 1.5 மீட்டர் மேலே. மேல் மைக் எதற்கென்றால், முன்னும் பின்னும் போக்குவரத்து வேறுபட்டிருந்தால் அதைக் கழிக்க. வண்டிகள் இரட்டிப்பானாலே 3 டெசிபல் ஏறிவிடும். காற்று வினாடிக்கு 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், சாலை உலர்ந்திருக்க வேண்டும். ஈரச்சாலையில் டயர்ச் சத்தம் கூடும். தொகையில் ஒரு பங்கை இந்த அளவீடு முடியும் வரை நிறுத்தி வையுங்கள். தொடக்க அளவை எடுக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

முதல் மழைக்காலம் முடிந்ததும் அடிச்சந்து முழுவதையும் ஒரு முறை நடந்து பார்த்து மண் நிரப்ப வேண்டும். ஓராண்டில் அஸ்திவார போல்ட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். கேஸ்கெட்டுகளை ஐந்தாண்டுக்கு ஒரு முறை விரலால் அழுத்திப் பார்த்து, விறைத்தவற்றை மாற்ற வேண்டும். வாங்கும்போதே நூற்றுக்கு இரண்டு பேனல் கூடுதலாக, அதே விளிம்பு வடிவத்தில், அதே நிறத்தில் வாங்கிக் கூரையின் கீழ் வையுங்கள். விளிம்பு வடிவத்தை உற்பத்தியாளர்கள் மாற்றிவிடுவார்கள்; சில ஆண்டு கழித்து வண்டி மோதி ஒரு பேனல் நசுங்கினால், புதியது பழையதன்மேல் அமராமல் நடுவே சந்து விழும்.